கோதமை தொடுத்த வழக்கு: மணிமேகலையில் பேயும் பகுத்தறிவும்

பௌத்தம் பகுத்தறிவுக்கு இசைந்த சமயம். பேய், பூதம், மந்திரம், குறி முதலியவற்றுக்கு அதில் இடமில்லை என்னும் கருத்து படித்தவர்களிடையே ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நிலைபெற்றிருக்கிறது. 1880இல் இலங்கைக்கு வந்த அமெரிக்கரான கர்னல் ஆல்காட், மறு ஆண்டு வெளியிட்ட பௌத்த வினாவிடை நூல் இக்கருத்தைப் பல நாடுகளுக்கும் கொண்டு சென்றது. சென்னையில் வாழ்ந்த பேராசிரியர் இலட்சுமி நரசு 1907இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட பௌத்த சாரம் அதற்கு அறிவியலின் மொழியைத் தந்தது. அம்பேத்கரின் மறைவுக்குப் பின் 1957இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' அதனைச் சமூக விடுதலையின் கருவியாக்கிற்று. இம்மூவரின் நோக்கங்களும் உயர்ந்தவை. அவற்றில் எவருக்கும் ஐயமில்லை.

இதற்கு நேர் எதிரான கூற்று ஒன்றும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையில் பணிபுரிந்த கிறித்தவப் பாதிரிமார் சிலர், சிங்கள மக்கள் உண்மையில் வழிபடுவது பேய்களையே என்றும், பௌத்தம் அதன் மேல் பூசிய வெறும் சுண்ணாம்பு என்றும் எழுதினர். புகழ்வோரும் இகழ்வோரும் எதிரெதிரே நின்றாலும் ஓர் அடிப்படையில் ஒன்றுபட்டே நிற்கின்றனர். புத்தர் வேறு, பேய் வேறு. இடையில் யாரோ இரண்டையும் ஒட்டிவிட்டனர் என்பதே அந்த அடிப்படை. இது சரியா என்று பார்ப்பதற்குத் தமிழர்கள் பாலி மொழிக்கு ஓட வேண்டியதில்லை. தமிழில் முழுமையாகக் கிடைக்கும் ஒரே பௌத்தக் காப்பியமாகிய மணிமேகலை நம் கையில் இருக்கிறது. அதன் முப்பது காதைகளுள் ஆறாவதாகிய சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையை மட்டும் ஊன்றிப் படித்தாலே போதும் என்பது என் துணிபு.

உவவனத்தில் மணிமேகலையும் சுதமதியும் இருக்கின்றனர். மணிமேகலா தெய்வம் ஊர்ப் பெண் ஒருத்தியின் வடிவில் அங்கு வந்து, சக்கரவாளக் கோட்டத்திற்குச் செல்லுங்கள் என்கிறது. ஊரார் எல்லாரும் சுடுகாட்டுக் கோட்டம் என்று கூறும் இடத்திற்கு இப்பெயர் எப்படி வந்தது என்று சுதமதி வினவுகிறாள். விடையாக வருவது ஒரு கதை.

சார்ங்கலன் என்னும் பார்ப்பனச் சிறுவன் தன்னந்தனியனாய் அச்சுடுகாட்டு மதிலுக்குள் புகுந்துவிடுகிறான். சாத்தனார் அவ்விடத்தை வருணிக்கும் பகுதி மிக விரிந்தது. எரிப்போர், வெறுமனே போட்டுச் செல்வோர், குழி தோண்டிப் புதைப்போர், தாழியில் கவிப்போர் என்று பலவகை ஈமக்கடன்களும் அங்கே நடைபெறுகின்றன. நரியும் கழுகும் ஆந்தையும் குரல் எழுப்புகின்றன. அங்கே ஒரு பேய்மகள் பிணத்தின் தலையைக் கையில் ஏந்தி ஆடுவதைச் சிறுவன் காண்கிறான். நடுநடுங்கி வீட்டுக்கு ஓடிவந்து, சுடுகாட்டுப் பேய்க்கு என் உயிரைக் கொடுத்துவிட்டேன் என்று தாயிடம் சொல்லி வீழ்ந்து இறக்கிறான். தாயின் பெயர் கோதமை. அவளும் பார்வையற்றவள், அவள் கணவனும் பார்வையற்றவன். பிள்ளையின் உடலைத் தழுவி எடுத்துக்கொண்டு சுடுகாட்டு வாயிலில் நின்று, ஊர்க்காவல் தெய்வமாகிய சம்பாபதியைக் கூவி அழைக்கிறாள். என் மகன் உயிரை உண்டது அணங்கா, பேயா? ஊரைக் காக்க வேண்டிய நீ உறங்கிவிட்டாயா? புலம்பல் என்ற பெயருக்குள் இது அடங்காது. இது ஒரு வழக்கு. குற்றம் சாட்டப்பட்டவர் யார், காவலர் யார், இழப்பு யாது என்று எல்லாம் அதில் இருக்கிறது.

சம்பாபதி தோன்றித் தீர்ப்புரைக்கிறாள். அணங்கோ பேயோ உயிரை உண்பதில்லை. சிறுவனின் பேதுறவு பற்றுக்கோடாக நிற்க, அவனுடைய ஊழ்வினையே வந்து உயிரைக் கொண்டுபோயிற்று என்பது அத்தீர்ப்பின் சாரம். இதைக் கண்டவுடன் நம் பகுத்தறிவு நண்பர்கள் மகிழ்ந்துவிடக் கூடாது. பேய் இல்லை என்று சம்பாபதி சொல்லவில்லை. சிறுவன் கண்டது பொய்த்தோற்றம் என்றும் சொல்லவில்லை. சற்று முன்னர்தான் அந்தப் பேயின் கூத்தைக் கவிஞர் நம் கண்ணெதிரே நிறுத்தியிருக்கிறார். பேய் இருக்கிறது, ஆடுகிறது, ஆனால் கொல்லும் அதிகாரம் அதற்கு இல்லை. இதுவே தீர்ப்பு. ஊழ்வினை என்ற சொல்லை நாம் ஏற்கிறோமோ இல்லையோ, பேது என்ற சொல்லைக் கவனிக்காமல் செல்ல இயலாது. மயக்கம், கலக்கம், பித்து என்றெல்லாம் பொருள் தரும் சொல் அது. மரணத்தின் வாயிலைப் பேயின் வாயிலிருந்து எடுத்து, சிறுவனின் மனத்திற்குள் கொண்டுவந்து வைத்தார் சாத்தனார்.

கோதமை விடவில்லை. என் உயிரை எடுத்துக்கொண்டு இவன் உயிரைத் தா. கண்ணில்லாத என் கணவனை இவன் காப்பாற்றுவான் என்று பேரம் பேசுகிறாள். அதற்குச் சம்பாபதி கூறும் மறுமொழியில் தருக்கம் இருக்கிறது. உயிருக்கு உயிர் ஈடாகக் கொடுக்க முடியுமானால், மன்னர்களுக்காக உயிர் கொடுக்க எத்தனை பேர் காத்திருப்பர்! அப்படியிருந்தும் இந்தச் சுடுகாட்டில் அரசர்களுக்கு எழுப்பிய கோட்டங்கள் எண்ணிறந்து நிற்கின்றனவே என்கிறாள். கண்முன் நிற்கும் கட்டடங்களைச் சான்றாகக் காட்டிக் காணாத ஒன்றை முடிவு செய்வது அனுமானம். கோதமை எடுத்து வீசும் எதிர்வாதமோ நூலின் மேற்கோள்: தேவர்கள் எவ்வரமும் தருவார்கள் என்று அந்தணர் மறை சொல்கிறதே! அப்போதுதான் சம்பாபதி, சக்கரவாளத்திற்குள் இருக்கும் தேவர்களுள் ஒருவரேனும் இதைச் செய்ய முடியுமானால் நானும் செய்வேன் என்று கூறி, அருவப் பிரமர், உருவப் பிரமர், இருசுடர், தேவர், அசுரர், நாள், கோள் என்று அனைவரையும் அந்தச் சுடுகாட்டிற்கே வரவழைத்துக் கோதமையின் முன் நிறுத்துகிறாள். எல்லாரும் ஒரே குரலில், எங்களால் ஆகாது என்கின்றனர்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. இருபத்தொன்பதாம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை நூல் கற்பிக்கிறார். அங்கு பௌத்தர்க்கு உரிய அளவைகள் காட்சியும் கருத்தும் ஆகிய இரண்டே என்பது நிறுவப்படுகிறது. ஆகமத்திற்குத் தனி இடமில்லை. அது கருத்தளவையுள் அடங்கும். இருபத்து மூன்று காதைகளுக்கு முன்னரே, ஒரு சுடுகாட்டு வாயிலில், அந்த முறையைச் சாத்தனார் நடத்திக் காட்டிவிட்டார். முதலில் கருத்தளவை: மன்னர் கோட்டங்கள். அதற்கு மசியாதவள் ஆகமத்தை எடுத்தபோது காட்சியளவை: தேவர் கூட்டம். நான் அறிந்த அளவில் தமிழ்க் காப்பியங்களுள் வேறெதிலும் ஒரு தெய்வம் தன் இயலாமையை இவ்வளவு ஒழுங்காக மெய்ப்பித்ததில்லை.

ஆனால் அந்தக் காட்சியை வழங்கியதே ஒரு அற்புதந்தானே என்று வாசகர் கேட்பர், கேட்க வேண்டும். தேவர்கள் வர முடியாது என்று நம்புகிறவனுக்கு அவர்கள் வந்து சொன்ன சாட்சியம் எப்படிப் பயன்படும்? அதுவுமன்றி, இக்கதை முடிந்தவுடன் சுதமதி உறங்க, தெய்வம் மணிமேகலையைத் தழுவி எடுத்துக்கொண்டு வான்வழியே முப்பது யோசனை தொலைவில் உள்ள மணிபல்லவத்தில் கொண்டுபோய் வைக்கிறது. பேயின் ஆற்றலை மறுத்த அதே காதை தெய்வத்தின் பறத்தலோடு முடிகிறது. சீறாப்புராணத்தில் மதியை அழைப்பித்த படலத்தையும் மானுக்குப் பிணைநின்ற படலத்தையும் சுவைத்துப் பழகிய நமக்குக் காப்பியத்தில் அற்புதம் வருவது புதிதன்று. ஆயினும் அளவை நூல் கற்பிக்கும் காப்பியத்தில் அது எந்த நிலையில் நிற்கிறது என்று வினவும் உரிமை திறனாய்வுக்கு உண்டு.

கோதமை என்ற பெயரைக் கேட்டதும் பாலி மரபில் வரும் கிசா கோதமி நினைவுக்கு வருவாள். இறந்த குழந்தையை ஏந்திக்கொண்டு மருந்து கேட்டு வந்தவளிடம், சாவு நேராத வீட்டிலிருந்து ஒரு பிடி கடுகு வாங்கிவரச் சொன்னார் புத்தர். வீடு வீடாகச் சென்றவள் கடுகு எங்கும் உண்டு, சாவில்லாத வீடு எங்கும் இல்லை என்பதைத் தானே கண்டுகொண்டாள். இரண்டையும் அருகருகே வைத்தால் பாலிக் கதை உயர்ந்தது என்றே சொல்லத் தோன்றும். அங்கே தெய்வம் வரவில்லை; பேயும் இல்லை; அறிவு அவளுடைய கால் நடந்து தேடியது. தமிழ்க் கோதமை பார்வையற்றவள். வீடு வீடாகச் செல்ல முடியாதவள். அதனால்தான் வானுலகமே அவளிடம் வர வேண்டியிருந்தது என்று சாத்தனாருக்காக வாதாடலாம். ஆனால் பார்வையற்றவளின் முன் தேவர்களை நிறுத்திக் காட்டுவது என்ன காட்சி என்ற கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. அவர்கள் சொன்னதை அவள் கேட்டாள் என்று மட்டும் கொள்ளலாம்.

தமிழில்தான் இப்படி, மூல பௌத்தத்தில் இல்லை என்று சிலர் சொல்லக்கூடும். பாலி நிகாயங்கள் அவர்களுக்கு உதவா. பிரமசால சுத்தம் துறவிகளுக்கு ஆகாத இழிகலைகளை நீண்ட பட்டியலாக அடுக்குகிறது. கனவுக்குப் பலன் சொல்லுதல், எலி கடித்த துணியைக் கொண்டு குறி சொல்லுதல், கிரகணம் வருமெனக் கணித்தல் ஆகியவற்றோடு பேய்களை ஆளும் பூத வித்தையும் அப்பட்டியலில் இருக்கிறது. பகுத்தறிவு நூல்கள் அடிக்கடி மேற்கோள் காட்டும் இடம் இது. ஆனால் விலக்கியதன் காரணம் பேய் இல்லை என்பதன்று. அது துறவிக்குத் தகாத பிழைப்பு என்பதே. விநயத்தில் இன்னொரு செய்தி உண்டு. பேயோட்டத் தெரிந்த ஒரு பிக்கு இயக்கன் ஒருவனைக் கொன்றுவிட்டார். அது மனிதக் கொலைக்கு ஈடான குற்றமா என்ற கேள்வி எழுகிறது. சங்கத்தை விட்டே நீக்கும் குற்றமன்று, ஆனால் கடுங்குற்றம் என்று முடிவு செய்யப்பட்டது. இல்லாத ஒன்றைக் கொன்றதற்கு எந்தச் சட்ட நூலும் தண்டனை விதிப்பதில்லை! இயக்கர்களின் தொல்லையிலிருந்து காப்பதற்கென்றே ஆடானாடிய சுத்தம் ஒன்று இருக்கிறது; அதை வழங்கியவனும் இயக்கர்களின் அரசனாகிய வைசிரவணனே.

அற்புதங்களிலும் இதே நிலை. நாலந்தாவில் கேவத்தன் என்னும் இல்லறத்தான், பிக்கு ஒருவரைக் கொண்டு அற்புதம் செய்து காட்டினால் ஊரே திரண்டு வருமே என்று புத்தரிடம் வேண்டுகிறான். நம்பாதவன் அதனைக் காந்தாரி என்னும் மந்திரத்தின் வேலை என்பான். ஆகவே அற்புதங்களை நான் வெறுக்கிறேன், நாணுகிறேன் என்று புத்தர் மறுக்கிறார். ஐயுறுவோனின் வாதத்தை இவ்வளவு மரியாதையோடு எடுத்தாண்ட சமயத் தலைவர்கள் மிகச் சிலர். அடுத்து அவரே சொல்லும் கதை இன்னும் சுவையானது. நான்கு பூதங்களும் எங்கே எச்சமின்றி ஒழிகின்றன என்று அறிய விரும்பிய ஒரு பிக்கு, தேவலோகம் தேவலோகமாக ஏறிச் சென்று கேட்கிறார். ஒருவருக்கும் தெரியவில்லை. மகாபிரமனோ, நானே படைத்தவன், நானே ஆள்பவன் என்று முழங்குகிறான். நான் அதைக் கேட்கவில்லையே என்கிறார் பிக்கு. மூன்றாம் முறையும் கேட்டபோது, மகாபிரமன் அவர் கையைப் பற்றித் தனியே அழைத்துச் சென்று, இந்தத் தேவர்கள் எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அவர்கள் முன் சொல்ல இயலாது, எனக்கும் தெரியாது, புத்தரிடமே போய்க் கேள் என்கிறான். சம்பாபதி சுடுகாட்டில் கூட்டிய தேவர் சபைக்கு இதுவே மூத்த உறவு. கடவுளரை ஒழிக்காமல் அவர்களைக் கைகட்டி நிற்க வைக்கும் கலை பௌத்தத்தின் தொடக்கத்திலிருந்தே இருந்துவந்தது.

காலாமர்களுக்கு உரைத்த சுத்தம் பற்றியும் ஒரு சொல். மரபு என்பதால் ஏற்காதே, நூலில் உள்ளது என்பதால் ஏற்காதே என்பதோடு பலர் மேற்கோளை நிறுத்திவிடுகின்றனர். அதே பட்டியலில் தருக்கம் என்பதால் மட்டும் ஏற்காதே என்பதும் உண்டு. அதன் இறுதியில், மறுமை உண்டென்றால் நல்லவனுக்கு நற்கதி. இல்லையென்றாலும் இம்மையிலேயே பகையின்றி வாழ்ந்தவனாவான் என்று அமைதி கூறப்படுகிறது. மறுமையை வலியுறுத்தாமல் அறத்தை நிலைநாட்டிய அந்த ஓரிடம் அரியது. அதை வைத்துக்கொண்டு நிகாயங்கள் முழுவதையும் அளப்பது சரியன்று.

ஏனெனில் உண்மையான ஐயவாதி மேடையில் ஏறும்போதெல்லாம் பௌத்த நூல்கள் அவன் பக்கம் நிற்பதில்லை. பாயாசி என்ற சிற்றரசன் உயிர் உண்டா என்று சோதனை செய்தவன். மரண தண்டனை பெற்ற கள்வனை உயிரோடு சாடியில் இட்டு வாயை அடைத்து, பின்னர் திறந்து உயிர் வெளியே போகிறதா என்று பார்த்தான். கொல்வதற்கு முன்னும் பின்னும் உடலை எடை போட்டான். சாகும் தறுவாயில் இருந்த உறவினரிடம், போன இடத்திலிருந்து வந்து சொல்லுங்கள் என்று வேண்டிக்கொண்டான், ஒருவரும் வரவில்லை. கொடுமையான சோதனைகள்தாம்; ஆயினும் சோதனைகள். அவனுக்கு விடை சொன்ன குமார காசியபரிடமிருந்து ஒரு சோதனையும் வரவில்லை, வந்தவை உவமைகளே. நரகம் சென்றவன் சிறைப்பட்ட கள்வன் போல வர இயலாதவன். சுவர்க்கம் சென்றவன் மலக்குழியிலிருந்து கரையேறியவன் போல வர விரும்பாதவன். அழகான உவமைகள், ஆனால் உவமையால் எடையை மறுக்க முடியுமா?

மணிமேகலையிலும் இதைக் காண்கிறோம். கடலில் கலம் உடைந்து நாகர் மலையை அடைந்த சாதுவனிடம் நாகர் தலைவன், உடலை விட்ட உயிர் எப்படிச் சென்று இன்னோரிடம் புகும் என்று சிரித்துக்கொண்டே வினவுகிறான். வெட்டினாலும் சுட்டாலும் பிணம் உணர்வதில்லை; ஆகவே ஏதோ ஒன்று நீங்கிற்று; உடல் இங்கே கிடக்க நாம் கனவில் நெடுந்தொலைவு சென்று வருவதில்லையா, அதுபோல என்கிறான் சாதுவன். நாகன் அவன் காலில் விழுகிறான். பின்னர் வஞ்சியில், சமயக் கணக்கர்தம் திறம் கேட்ட காதையில், பூதவாதி வருகிறான். பூவும் கட்டியும் கூடிய இடத்தில் கள்ளின் வெறி பிறப்பதுபோல் பூதங்களின் கூட்டத்தில் உணர்வு பிறக்கிறது என்பது அவன் கொள்கை. முற்பிறப்பை அறிந்தேன் என்று மணிமேகலை கூறியதும், தெய்வ மயக்கினாலும் கனவினாலும் அப்படித் தோன்றியிருக்கலாமே என்கிறான். ஆதிரையின் கணவன் வாயில் மறுபிறப்புக்குச் சான்றாக இருந்த கனவு, பூதவாதியின் வாயில் மயக்கத்தின் பெயராகிறது. சாத்தனார் இரண்டையும் ஒரே காப்பியத்தில் வைத்தார். இரண்டும் மோதிக்கொள்வதை அவர் பார்த்தாரா என்று தெரியவில்லை.

மணிமேகலை நகைத்துவிட்டு, உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறெவ்வாறு அறிந்தாய் என்று திருப்பிக் கேட்கிறாள். கூர்மையான கேள்வி. காட்சி ஒன்றே அளவை என்பவனை இதைவிடச் சுருக்கமாக மடக்க முடியாது. இக்காலத்தில் மரபணுச் சோதனை உண்டே என்று அவன் சொன்னால், அதுவும் அனுமானந்தான் என்று அவள் சொல்லிவிடலாம்! ஆனால் அவன் கேட்டதற்கு இது விடையாகாது. அனுமானம் செல்லுமா என்று அவன் கேட்கவில்லை. உன் நினைவு மயக்கமாக இருக்கலாகாதா என்று கேட்டான். அவள் முற்பிறப்பை அறிந்ததோ அனுமானத்தால் அன்று, மணிபல்லவத்துப் பீடிகையைக் கண்டதால். மேலும், இந்த வாதத்தை அவள் நடத்தும்போது மந்திரத்தால் ஆண் தவசியின் உருவம் கொண்டு நிற்கிறாள். பூதவாதி தோற்றதாகக் காப்பியம் கூறுகிறது. படிப்பவர் மனத்தில் அவனுடைய கேள்வி தோற்காமல் நிற்கிறது. எதிரியின் சிறந்த கேள்வியை மறைக்காமல் பதிவு செய்த நேர்மைக்காகச் சாத்தனாரைப் போற்றலாம். தீர்ப்பு வழங்கிய அவசரத்திற்காக அல்ல.

ஆகவே பௌத்தம் பேயை மறுத்த சமயமும் அன்று, பேயை வழிபட்ட சமயமும் அன்று. பேயைப் பதவியிறக்கிய சமயம். இதன் விளைவை இலங்கையின் தென்பகுதியில் நடைபெறும் தொவில் சடங்கில் காணலாம். சன்னி யக்கும என்ற ஆட்டத்தில் பதினெட்டு நோய்ப் பேய்கள் முகமூடி அணிந்து வருகின்றன. குருடு, செவிடு, பித்து, சுரம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம். முதலில் நோயாளி அஞ்சும்படி பாய்ந்து வரும் பேயை, மேளக்காரர் கேலியும் கிண்டலுமாகப் பேச்சுக்கு இழுக்கிறார், கூட்டம் சிரிக்கிறது, பேய் புத்தரின் ஆணைக்குக் கீழ்ப்பட்டு, காணிக்கையை ஏற்று, விலகிச் செல்கிறது. அந்தப் பேய்களுக்கு மனிதரைத் தொடும் உரிமையே புத்தரின் அதிகாரத்தின் கீழ்ப் பெற்ற 'வரம்' என்று சொல்கிறார்கள். சம்பாபதியின் தீர்ப்பு கூத்தாகிவிட்டது போலிருக்கிறது. அச்சத்தைச் சிரிப்பால் கலைக்கும் அந்த மருத்துவ அறிவை நாம் இகழ வேண்டியதில்லை. ஆயினும் பேய்க்கு நாற்காலி போட்டு வைத்த வரையில் பேயோட்டிக்கு வேலை போகாது.

பௌத்தரின் பேயைப் பற்றி நம் ஏட்டில் இவ்வளவு ஏன் என்று சிலர் வினவலாம். நம் மார்க்கமும் இதே வகையான முறையைக் கையாண்டிருக்கிறது என்பதே காரணம். ஜின் என்றொரு படைப்பு உண்டென்று திருக்குர்ஆன் கூறுகிறது. அதன் பெயரால் ஒரு சூராவே இருக்கிறது. அதே திருக்குர்ஆன் சபா சூராவில் சுலைமான் நபி (அலை) அவர்களின் மரணத்தை எடுத்துரைக்கிறது. அவர்கள் கைத்தடியில் சாய்ந்தபடியே உயிர் நீத்தார்கள். ஜின்கள் அது தெரியாமல் வேலை செய்துகொண்டே இருந்தன. பூமியின் பூச்சி ஒன்று தடியை அரித்து உடல் சாய்ந்த பின்னரே அவை உணர்ந்தன. மறைவானவற்றை அறியும் ஆற்றல் இருந்திருந்தால் அந்த இழிவான உழைப்பில் தங்கியிருந்திருக்குமா? ஜின் இருக்கிறது, ஆனால் அதற்கு மறைவானவை தெரியா. கரையான் அறிந்ததைக் கூட அது அறியவில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அருமை மகன் இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் நேர்ந்தது. மகனின் இழப்பிற்காகவே சூரியன் இருண்டது என்று மக்கள் பேசினர். எவருடைய பிறப்புக்கோ இறப்புக்கோ கிரகணம் நேர்வதில்லை என்று, துயரத்தின் நடுவிலேயே, நாயகம் அவர்கள் திருத்தினார்கள். தம் புகழுக்கு ஏற்றதாக வந்த ஒரு மூடநம்பிக்கையைத் தாமே வெட்டிவிட்ட அந்த நிகழ்ச்சிக்கு ஈடு வேறெங்கும் தேடக் கிடையாது.

இத்தனை தெளிவு இருந்தும் நம் ஊர்களில் நடப்பது என்ன? பால்கிதாபு பார்க்கிறோம். தகடு எழுதிக் கட்டுகிறோம். பெண்ணுக்குப் பேச்சு மாறினால், முதலில் எந்த ஜின் என்று கேட்கிறோம். எந்த மருத்துவர் என்பது பிறகுதான் வருகிறது. ஓதிப் பார்த்தலில் ஆகுமானது எது, ஆகாதது எது என்பது ஆலிம்கள் தீர்க்க வேண்டிய வழக்கு; அதில் நான் தலையிடவில்லை. ஆனால் 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியற்காலையில் ஏர்வாடியில் நிகழ்ந்ததை எந்தச் சட்ட நுணுக்கமும் மறைக்க இயலாது. மனநோயாளிகளைத் தங்க வைத்திருந்த கூரைக் கொட்டகை ஒன்று தீப்பற்றி எரிந்தது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டனர். பல சமயத்தவரும் தம் வீட்டு நோயாளிகளை அவ்வூருக்குக் கொண்டுவந்து விட்டிருந்தனர். குற்றம் ஒரு சமூகத்தினுடையது மட்டுமன்று. உச்ச நீதிமன்றம் தானாகவே அந்த வழக்கைக் கையில் எடுத்தது. அந்தச் சங்கிலியைப் பூட்டியது பேயும் அன்று, ஜின்னும் அன்று என்பதைச் சொல்வதற்கு ஒரு சம்பாபதி வேண்டியதில்லை. பேது என்று சாத்தனார் பெயரிட்ட ஒன்றை நோய் என்று அறிந்து கொள்ளாத ஒவ்வொரு வீடும் அந்தப் பூட்டில் கை வைத்திருந்தது.

மீண்டும் காப்பியத்துக்கு வருவோம். எல்லாத் தேவரும் கைவிரித்த பின்னர்க் கோதமை தெளிந்து, மகனைச் சுடலையில் இட்டுத் தானும் இறந்தாள் என்றே பொதுவாகப் பொருள் கொள்ளப்படுகிறது. சம்பாபதியின் பெருமை விளங்கும்படி அந்தத் தேவர்கள் கூடிய இடத்தில் மயன், நடுவில் மேருவும் சுற்றிலும் மலைகளும் தீவுகளுமாகச் சக்கரவாளம் முழுவதையும் மண்ணால் செய்து வைத்தான்; அதனால் சக்கரவாளக் கோட்டம் என்ற பெயர் வந்தது. சுதமதியின் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது, கதை முடிந்துவிட்டது.

கோதமை கொண்டுவந்த வழக்கில் இரு கோரிக்கைகள் இருந்தன. மகன் உயிரை எடுத்தது யார் என்பது ஒன்று. கண்ணில்லாத கணவனுக்கு இனி யார் துணை என்பது மற்றொன்று. முதலாவதற்கு அருவப் பிரமர் வரை வந்து விடை சொன்னார்கள். இரண்டாவதைச் சம்பாபதியும் தொடவில்லை. கூடிய தேவர்களும் தொடவில்லை. காணாதவர், கேளாதவர், கால் முடமானவர் என்று தேடித் தேடி அமுதசுரபியால் சோறு போடும் ஒரு காப்பியத்தில், மகனையும் மனைவியையும் ஒரே நாளில் இழந்த அந்தப் பார்வையற்ற பார்ப்பனர் அன்றிரவு எங்கே இருந்தார் என்று ஓரடி கூட இல்லை.